மணல் ஈ பிடிக்கும் விளக்குப் பொறி: குடல் பக்டீரியா தேடுபவர்களுக்கு உதவுமா?

நுளம்பு பிடிப்பதற்கென 1962இல் அமெரிக்காவில் சூடியா, சேம்பர்லின் என்ற இருவர் வடிவமைத்த சிறிய விளக்குப் பொறியைப் பார்த்து, உள்ளூர்ப் பட்டறை ஒன்று செய்து விற்கும் பொறியைக் கடந்த வறட்சிக் காலத்தில் வவுனியா மாவட்டக் கிராமம் ஒன்றில் பதினொரு இரவுகள் தொங்கவிட்டுப் பார்த்தோம். பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளிற் பாதி இந்த வகைப் பொறிகள் அனைத்துக்கும் பொதுவானவை. எங்கள் தேவையும் வழக்கமானதன்று. இரத்தம் குடிக்கும் மிகச் சிறிய பூச்சியான மணல் ஈ ஓர் இரவில் எத்தனை பறக்கின்றன என்று எண்ணுவதற்காக நாங்கள் இதை வாங்கவில்லை. அவற்றின் குடலில் வாழும் பக்டீரியாவைக் கெடாமல் எடுத்து வளர்ப்பதற்காக வாங்கினோம். அந்தத் தேவையை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

குடல் பக்டீரியாவுக்கு ஏன் இத்தனை பாடு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியா நோய் 1992இல் முதன்முதலாக அறியப்பட்டு, 2008 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. பீகாரில் மண்ணீரலை வீங்கச் செய்து ஆளையே கொல்லும் கலா அசாருக்குக் காரணமான அதே லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி, இங்கு பெரும்பாலும் தோலில் ஆறாத புண்ணாக நின்றுவிடுகிறது. இரண்டு இடங்களிலும் அதைக் காவித் திரிவது பிளெபோடோமஸ் ஆர்ஜென்டிபெஸ் என்ற மணல் ஈ. மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் குடற்சுவரைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விடும்; லீஷ்மேனியாவோ ஈயின் குடலை விட்டு வெளியேறுவதே இல்லை. குடித்த இரத்தமும், அந்த இரத்தத்தைத் தின்று பல மடங்கு பெருகும் பக்டீரியாவும், ஒட்டுண்ணியும் நூலளவு குழாய் ஒன்றுக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வாழ வேண்டும்.

பக்டீரியா ஒட்டுண்ணிக்குப் போட்டி என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். 2017இல் வெளியான இரண்டு ஆய்வுகள், ஒன்று தென் அமெரிக்க ஈயிலும் மற்றது ஆபிரிக்க ஈயிலும் செய்யப்பட்டவை, அந்த நினைப்பைப் புரட்டிப்போட்டன: நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டிப் பக்டீரியாவைக் குறைத்த குடலில் லீஷ்மேனியா தொற்றும் நிலைக்குச் சரியாக முதிரவில்லை. கடிக்கும்போது ஒட்டுண்ணியோடு சேர்த்துக் குடல் பக்டீரியாவையும் ஈ தோலுக்குள் கக்குகிறது என்பதையும், அது நோயைக் கடுமையாக்குகிறது என்பதையும் அடுத்த ஆண்டு வந்த ஓர் ஆய்வு எலிகளில் காட்டியது. இந்தப் பக்டீரியாக்களையெல்லாம் ‘கூட்டுயிரி’, அதாவது இன்னோர் உயிரோடு சேர்ந்தே வாழும் உயிர், என்ற ஒரே சொல்லால் அழைப்பதில் எனக்குச் சற்றுத் தயக்கமுண்டு. முட்டை வழியே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வொல்பாக்கியா என்ற பக்டீரியா அந்தப் பெயருக்கு முற்றிலும் தகுதியானது. மற்றவற்றிற் பல, புழுப் பருவத்தில் மாட்டுக் கொட்டில் மண்ணிலிருந்தும், வளர்ந்த பின் உறிஞ்சும் செடிச் சாற்றிலிருந்தும் வந்து சேர்பவை. ஆகவேதான் எந்த ஊர் ஈ, எந்தக் கொட்டில் ஈ என்பது முக்கியமாகிறது. ஆய்வுகூடத்தில் வளர்த்த ஈயை வைத்துக் கிராமத்து ஈயின் குடலைப் பற்றிப் பேச முடியாது.

இனிப் பொறிக்கு வருவோம். மேலே மழை மறைக்கும் தட்டு, அதன் கீழே சிறு மின்குமிழ், ஒரு குழாய்க்குள் விசிறி, அடியில் சீலைப் பை, பக்கத்தில் ஆறு வோல்ட் பற்றரி, இவ்வளவுதான். வெளிச்சத்துக்கு வரும் பூச்சியை விசிறி கீழே இழுத்துப் பைக்குள் தள்ளுகிறது. மணல் ஈ நன்றாகப் பறக்கத் தெரியாதது. தத்தித் தத்தித் தாழவே திரியும். எனவே பொறியை ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டோம். குழாயின் வேலைப்பாடு நேர்த்தியாகவே இருந்தது. விசிறியின் இரைச்சலும் குறைவு. இருப்பினும் கொட்டிலின் உரிமையாளரான அம்மா இரண்டாம் நாள் காலையிலேயே, “தம்பி, உந்த வெளிச்சத்துக்கு மாடு படுக்குதில்லை” என்று முறையிட்டதால், பொறியைக் கொட்டிலின் வெளிச்சுவருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நிலவுக் காலத்தில் பிடிபட்டவை வெகு சில. அதற்குப் பட்டறையைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது பையைப் பற்றி. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமே உள்ள மணல் ஈ, சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும் என்பது இத்துறையில் இருக்கும் எவருக்கும் தெரியும். ‘மணல் ஈக்கும் ஏற்றது’ என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு, உள்ளே நுளம்பு வலையால் தைத்த பையை வைத்திருக்கிறார்கள். முதல் இரவு முடிந்து பையைத் திறந்தபோது அந்துகளும் வண்டுகளும் நிறைந்திருந்தன. மணல் ஈ ஒன்றுகூட இல்லை. சந்தையில் மெல்லிய வொயில் சீலை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துப் புதுப் பை தைத்த பிறகே பொறி வேலை செய்யத் தொடங்கியது. இரண்டாவது குறை பற்றரி. விடியப் போகும் நேரத்தில் விசிறி மெலிந்துவிடும்; காற்று நின்றால் குழாயை மூடிக்கொள்ளும் தடுப்பும் இதில் இல்லாததால், இரவு முழுவதும் பிடித்த ஈக்கள் மேலே ஏறி வந்த வழியே போய்விடும். கயிற்றில் கிறீஸ் பூசாவிட்டால் எறும்புகள் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். இதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

எங்கள் வேலைக்கு உண்மையான சோதனை ஆய்வுகூட மேசையில்தான் நடந்தது. ஈயை முதலில் மென்மையான சவர்க்கார நீரில் அமிழ்த்தி உடல் மயிரைப் போக்கி, எழுபது வீத மதுசாரத்தில் சிறிது நேரம் வைத்து, கிருமிநீக்கிய உப்பு நீரில் மாறி மாறிக் கழுவுகிறோம். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டு மெல்லிய ஊசிகளால் வயிற்றின் கடைசி வளையத்தைப் பிடித்து இழுத்தால், உயிருடன் வந்த ஈயில் குடல் ஒரே நூலாக நழுவி வெளியே வரும். இறந்து சில மணி நேரமான ஈயில் அது நடுவே அறுந்து கூழாகச் சிதறும். குடலை ஒரு வளர்ப்புத் தட்டிலும், கடைசியாகக் கழுவிய நீரிலிருந்து ஒரு துளியைத் தனித் தட்டிலும் இட்டு வளர்க்கிறோம். அந்தத் தட்டில் ஏதேனும் முளைத்தால், உடலின் வெளிப்புறத்துப் பக்டீரியா போகவில்லை என்று பொருள்; அந்த ஈயின் முடிவுகளைத் தூக்கி எறிய வேண்டும். பொறியில் இறந்து கிடந்து, அந்துச் செதில்கள் ஒட்டி வந்த ஈக்களின் கழுவு நீர்த் தட்டுகளில் எங்களுக்கு அடிக்கடி முளைத்தது. இறந்த குடலில் வேகமாகப் பெருகும் இனம் மற்றவற்றை மூடிவிடும் என்பதால், அவற்றின் குடற்தட்டில் வளர்ந்ததையும் நம்ப இயலாது. மணல் ஈ பிடிக்க வைக்கும் இன்னொரு பொறியான ஆமணக்கெண்ணெய் பூசிய ஒட்டுத்தாளும் இதே காரணத்தால் எண்ணிக்கைக்கு மட்டுமே உதவும்.

இன்னொன்று, இது பட்டறையின் பிழையன்று: விளக்குக்கு வரும் பெண் ஈக்களிற் பெரும்பாலானவை இரத்தம் தேடி அலைபவை, வயிறு வெறுமையாக இருக்கும். இரத்தம் குடித்து வயிறு சிவந்த ஈ வெளிச்சத்தை நாடாமல் சுவர் வெடிப்பிலும் புற்றின் வாயிலும் போய் ஒதுங்கிவிடும். ஒட்டுண்ணியும் பக்டீரியாவும் நேருக்கு நேர் நிற்கும் வேளையைப் பார்க்க விரும்புபவருக்குத் தேவையான ஈ அதுதான். அதைப் பிடிக்க இன்றும் பழைய வாய் உறிஞ்சு குழாயை விஞ்சியது இல்லை: கண்ணாடிக் குழாய், இறப்பர்க் குழாய், இடையில் வலைத்துண்டும் தூசி வடிகட்டியும், கையில் ஒரு ரோச். அதிகாலை ஐந்து மணிக்கு மாட்டு மூத்திர வாடைக்குள் குந்தியிருந்து சுவரைத் தடவ வேண்டும் என்பது அதன் விலை. பிடித்த ஈயைக் கூண்டுக்குள் ஊதி விடாமல் குழாயைத் தட்டி விடுவது எங்கள் வழக்கம். ஈயின் பக்டீரியாவைத் தேடப் போய் எங்கள் வாயின் பக்டீரியாவைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட விரும்பவில்லை.

எண்ணிக்கை எடுக்கவும், எந்த இனங்கள் இருக்கின்றன என்று பார்க்கவும் மட்டும் ஈ வேண்டுமென்றால், புதுப் பையும் இரண்டாவது பற்றரியும் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு இதை வாங்கலாம். குடல் பக்டீரியாவுக்கு இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நாங்கள் இப்போது பொறியை நள்ளிரவில் ஒருமுறையும் விடிவதற்கு முன் ஒருமுறையும் திறந்து, உயிருள்ள ஈக்களை மட்டும் ஈரப் பஞ்சு வைத்த பெட்டிக்கு மாற்றுகிறோம். அப்படிச் செய்யத் தொடங்கிய பின் கழுவு நீர்த் தட்டுகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன. காற்றுத் தடுப்பைப் பொருத்தித் தருமாறு பட்டறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். அடுத்த மாதிரியில் சேர்ப்பதாகப் பதில் வந்தது. எங்களிடமுள்ள பொறிக்கு நாங்களே பொலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டிக்கொண்டோம்.