கேனா, சொந்த ஆர்ஓவா, வாடகை ஆர்ஓவா: பெங்களூரில் மூன்று வீட்டுத் தண்ணீர்

சித்தி மகன் போன மாதம்தான் ஒசூரிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தான். பெல்லந்தூர் பக்கம் வாடகை வீடு. சாமான் இறக்கிய அன்றைக்கே போன், தண்ணீரில் உப்பைக் குறைக்கும் ஆர்ஓ மிஷின் வாங்கலாமா என்று. "அக்கா, ஆர்ஓ ஒண்ணு ஆஃபர்ல பதினஞ்சாயிரத்து ஐந்நூறுக்கு வருது. இன்னிக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுதாம். போட்டுடவா?"

"போடாதே. உன் வீட்டுக்கு வர்றது காவிரியா, போர்வெல்லா, டேங்கர் லாரியா? முதல்ல ஓனர்கிட்ட அதைக் கேளு" என்றேன்.

அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் முன்னால் எனக்கும் தெரியாது. இந்த ஊரில் மூன்று வீடு மாறி, கேன், சொந்த மிஷின், வாடகை மிஷின் எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்திய பிறகுதான் புரிந்தது. அவனுக்குப் போனில் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் வீடு லிங்கராஜபுரம். வந்த புதிதில் எல்லாரையும் போல நாங்களும் கேன்தான் போட்டோம். கேனுக்கு டெபாசிட் கொடுத்தால் போதும், கையிலிருந்து வேறு முதல் போட வேண்டாம், சுவரில் ஓட்டை போட ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டாம். மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கி வந்து இறக்கிவிட்டுப் போவார் கேன்கார அண்ணன். அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கும் காசு குறைவுதான். சமையலுக்கும் குடிக்கவுமாக எங்களுக்கு மாதம் இருபது கேன் ஆனது. இப்போது ஒரு கேன் ஐம்பது ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஆயிரம் ரூபாய்.

காசைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒரு நாள் கேனைக் கவிழ்க்கும் முன் கழுத்துப் பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்தது. பாசி. கேன் வெயிலில் வண்டியிலேயே நின்றிருக்க வேண்டும், கழுவாமலே திரும்ப நிரப்பியிருக்கவும் வேண்டும். அன்றிலிருந்து மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா, லேபிளில் நிரப்பிய தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், அடைத்து விற்கும் குடிநீருக்கான ஐஎஸ் 14543 என்ற தர எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். லேபிளே இல்லாத கேன் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, பத்து இருபது ரூபாய் குறைவு. அதை மட்டும் வாங்காதீர்கள். கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரையும் மாதம் ஒரு தடவையாவது கழற்றிக் கழுவ வேண்டும். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அந்தக் குழாயில் கெட்டுப்போகும்.

கேனின் இன்னொரு பலவீனத்தை 2024 கோடை காட்டியது. அந்த மார்ச்சில் பெங்களூரின் அரசு ஆழ்துளைக் கிணறுகள் சுமார் 14,000-இல் 6,900 வற்றிவிட்டன என்று முதல்வரே சொன்னார். காரைக் கழுவவும் செடிக்கு ஊற்றவும் குடிநீரை எடுத்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. கேன் நிரப்புகிறவருக்கும் அதே நிலத்தடி நீர்தானே? அவர் போர் வற்றினால் நம் கேனும் வராது. ஐந்து ரூபாய் நாணயம் போட்டு இருபது லிட்டர் பிடிக்கிற தெருமுனைக் குடிநீர் நிலையங்களில் பல பூட்டிக் கிடந்தன, திறந்திருந்தவற்றில் நீளமான வரிசை.

நாங்கள் அப்போது இரண்டாவது வீட்டில், ஹொரமாவில் இருந்தோம். அங்கே காவிரி இணைப்பு இல்லை, போர் தண்ணீர், கோடையில் டேங்கர். போன முதல் வாரமே துவரம்பருப்பு காட்டிக் கொடுத்தது. ஆறு விசில் விட்டும் பருப்பு முழுசாகவே இருந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பை இறுக்கிவிடும், குழையாது. கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை இருநூறு ரூபாய்க்கு வாங்கி முக்கினேன். 870 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 870 குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் காபி காபியாக இருக்காது.

அதனால் ஆர்ஓ வாங்கினோம், அதே பதினைந்தாயிரத்து ஐந்நூறுக்கு. முதல் ஆறு மாதம் சந்தோஷம். குழையாத பருப்பு குழைந்தது, ஊரிலிருந்து வந்த மாமியார் காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். பதினோராவது மாதம் டம்ளர் நிரம்ப ஒரு நிமிஷம் ஆனது. மெக்கானிக் வந்து கழற்றினார், கிருஷ்ணகிரிக்காரர். முதல் ஃபில்டர் போட்டபோது வெள்ளை வெளேரென்று இருந்தது, இப்போது செம்மண்ணில் புரட்டிய மாதிரி. உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பரேன் சுருளைப் பிளேடால் கீறி விரித்தார். மடிப்பு மடிப்பாக வெள்ளை உப்பு, விரலால் தேய்த்தால் ரவை மாதிரி உதிர்ந்தது. "அக்கா, இது மெம்பரேன் தப்பு இல்ல, உங்க தண்ணி அப்படி" என்றார். அவர் சொன்னது சரிதான்.

இந்த மெம்பரேனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வை, நடைமுறைக்கு ஆகிற வேகத்தில் முதலில் செய்து காட்டியவர்கள் 1960-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும். 1965-இல் கோலிங்கா என்ற கலிபோர்னிய ஊரில் உவர் நீரை அப்படிக் குடிநீராக்கிக் கொடுத்தார்கள். நம் சமையலறையில் தொங்கும் பெட்டியின் உயிர் அந்தச் சவ்வுதான். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் தாமிரம், துத்தநாகம், ஏழு கட்டம், ஒன்பது கட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சவ்வு வாரண்டியில் சேராது என்பதைப் பில்லின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் அன்றைக்குத்தான் படித்தேன். மெம்பரேன், ஃபில்டர்கள், வருகைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்தில் 4,500 ரூபாய். இரண்டாவது வருடமும் அதே கதை.

மூன்றாவது வருடம் மிஷினைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டு வாடகைக்கு மாறினோம். ஆப்பில் பதிந்தால் மறுநாள் வந்து மாட்டுகிறார்கள். மாதம் 449 ரூபாய், டெபாசிட் 1,500. ஃபில்டரும் மெம்பரேனும் அவர்கள் செலவு. இங்கேதான் கணக்கு எனக்குப் பிடித்தது. வாடகை வருடத்துக்கு 5,388. சொந்த மிஷினுக்குப் பராமரிப்பு மட்டும் 4,500. வித்தியாசம் 888 ரூபாய்தான். அந்த வித்தியாசத்தில் பதினைந்தாயிரத்து ஐந்நூறு திரும்பி வரப் பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும். எந்த மிஷினும் அவ்வளவு நாள் உழைக்காது. போர் தண்ணீர் வீட்டில், அதுவும் வாடகை வீட்டில் இருப்பவர் ஆர்ஓவைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வாடகையிலும் வலி உண்டு. அந்த மிஷின் லிட்டர் கணக்கு வைத்திருக்கும். பிளான் தீர்ந்தால் தானே நின்றுவிடும். மாமனார் தெவசத்துக்கு முந்தின ராத்திரி, வீட்டில் திருநெல்வேலியிலிருந்து வந்த பதினாலு பேர், ஒன்பதரை மணிக்கு மிஷின் நின்றது. ரீசார்ஜ் போட்டேன். காசு போனது, தண்ணீர் வரவில்லை. இன்னொரு தடவை போட்டேன், அதுவும் போனது. வாடிக்கையாளர் சேவையில் மனிதக் குரலே இல்லை, செய்திப் பெட்டியில் "உங்கள் புகார் பதிவானது" என்பதே திரும்பத் திரும்ப. என் வீட்டுக்காரர் பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் மூன்று கேன் தூக்கி வந்தார். மறுநாள் மத்தியானம்தான் மிஷினுக்கு உயிர் வந்தது. இரண்டாவது தடவை போன காசு திரும்பி வர மூன்று வாரம், நாலு புகார். குடிதண்ணீரைப் போன் டேட்டா மாதிரி அடைப்பது சரியில்லை. தீர்ந்த பிறகும் ஒரு நாள் தண்ணீர் விட்டால் அந்தக் கம்பெனி ஒன்றும் குறைந்துவிடாது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் லிட்டர் வரம்பு இல்லாத பிளானைக் கேட்டு வாங்குங்கள், நாற்பது ஐம்பது ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. வீட்டில் எப்போதும் ஒரு கேன் சீலோடு இருக்கட்டும்.

அப்புறம் கழிவு நீர். இது சொந்தத்துக்கும் வாடகைக்கும் பொது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டர் வெளியே போகிறது. நாளைக்கு இருபது லிட்டர் எடுத்தால் அறுபது லிட்டர். தண்ணீர் பஞ்ச ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அதைப் பிடித்து வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். 870 உள்ளே போனால் வெளியே வருவது கிட்டத்தட்ட 1,150. என் கறிவேப்பிலைச் செடி இலை நுனி கருகித்தான் அதை எனக்குச் சொன்னது. தண்ணீர் ரொம்பச் சப்பென்று இருக்கிறதென்று மெக்கானிக்கிடம் சொன்னால் ஒரு திருகைத் திருப்பிக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுவார். போர் தண்ணீர் வீட்டில் அதைச் செய்ய விடாதீர்கள். மெம்பரேன் வழியாகப் போகாமல் வரும் அந்தப் பங்கோடு, சாக்கடையும் உரமும் நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட்டும் திரும்ப உள்ளே வரும். அதற்குத் தரம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதில் சலுகை கிடையாது.

இப்போது இருப்பது மூன்றாவது வீடு, அல்சூர். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றி அனுப்பும் காவிரி, எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மீட்டரில் 210. இந்தத் தண்ணீருக்கு ஆர்ஓ தேவையே இல்லை. நல்ல தண்ணீரில் முக்கால் பங்கைச் சாக்கடையில் விடுவதற்குக் காசு கொடுப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஆர்ஓ போட்டிருக்கிறார்கள், டிடிஎஸ் 25 என்று பெருமையாகக் காட்டினார்கள். காவிரியில் மெம்பரேன் நாள்பட உழைக்கும், பராமரிப்பு 2,500-இல் முடியலாம். அப்படி இருந்தால் சொந்த மிஷின் வாடகையை ஐந்தரை வருடத்தில் முந்திவிடும், அதுவும் உண்மை. ஆனால் எதற்காக என்பதுதான் என் கேள்வி. இங்கே பயம் உப்பு இல்லை, கிருமி. பழைய தெரு, பழைய பைப், பக்கத்திலேயே சாக்கடை, நடுவில் சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே அளக்கும். சாக்கடை கலந்தாலும் 210 கொஞ்சம்தான் நகரும். அதனால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூவி மிஷின் ஒன்றை எட்டாயிரத்துக்கு வாங்கினோம், வருடத்துக்கு 1,200 செலவு, கழிவு நீர் கிடையாது. கரண்ட் போனால் ஓடாது என்பது ஒரு குறை. அன்றைக்குக் கொதிக்க வைத்து மண் பானையில் ஊற்றிவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை சம்ப் கழுவ ஓனரைச் சம்மதிக்க வைத்தது மிஷின் வாங்கியதைவிடப் பெரிய காரியம்.

தம்பி மறுநாள் மீட்டர் படம் அனுப்பினான், 940. போரும் டேங்கரும் கலந்து வருகிறதாம். காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16-இல் திறந்தார்கள், நாளுக்கு 775 மில்லியன் லிட்டர், நகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. பெல்லந்தூரும் அந்தப் பக்கம்தான். உன் அப்பார்ட்மென்ட் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். போட்டாயிற்று, மீட்டர் வைக்க வேண்டியது பாக்கி என்றார்களாம். அப்படியென்றால் அடுத்த வருடமே அவன் தண்ணீர் மாறலாம், இன்றைக்கு வாங்கும் ஆர்ஓ அன்றைக்கு அதிகப்படி. ஆறு மாத வாடகைப் பிளான், லிட்டர் வரம்பு இல்லாதது, எடுத்திருக்கிறான். மாட்ட வந்தவரிடம் கழிவுக் குழாயை சிங்க்கில் விடாமல் பால்கனி வரைக்கும் நீட்டச் சொல்லி, கீழே ஒரு நாற்பது லிட்டர் டிரம் வைத்திருக்கிறான். தினமும் அதில்தான் பைக்கையும் பால்கனியையும் கழுவுகிறானாம்.