இணை சேர்க்க எந்தக் கருவியை நம்பலாம்?

பெங்களூரில் தொழில் செய்துகொண்டே ஒன்றிரண்டு தாய்க்குதிரைகளைக் குனிகல் பக்கப் பண்ணைகளில் விட்டு வளர்க்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வருஷா வருஷம் ஒரே கேள்வி: இந்தத் தடவை எந்த ஸ்டாலியன், அதாவது எந்தப் பொலிகுதிரை? வம்சாவளியையோ மரபணுவையோ பார்த்து அதைச் சொல்ல எந்தக் கருவி?

முதலில் ஒன்று. த்ரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டல் செல்லாது. நேரடியாக இணைசேர்ந்து பிறந்த குட்டியை மட்டுமே ஸ்டட் புக் என்ற இனப் பதிவேடு ஏற்கும். ஆகவே அயர்லாந்தில் நிற்கும் ஸ்டாலியனுக்குக் கருவி எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தாலும், தாயை அங்கே அனுப்ப முடியாதவருக்குப் பயனில்லை.

நிறையப் பேர் பணம் கட்டுவது ட்ரூநிக்ஸ் போன்ற நிக் (வம்சப் பொருத்தம்) மதிப்பீட்டுக்குத்தான். குட்டியின் தகப்பன் வம்சமும் தாயின் தகப்பன் வம்சமும் முன்பு சேர்ந்தபோது பெரிய பந்தயங்களை ஜெயித்த குட்டிகள் எத்தனை என்று பார்த்து எழுத்தில் மதிப்பெண் போடும். கலிலியோ என்ற ஸ்டாலியனும் டேன்ஹில் என்ற ஸ்டாலியனின் மகள்களும் சேர்ந்ததில் டியோஃபிலோ, ஹைலேண்ட் ரீல், ஓடிய 14 பந்தயங்களையும் வென்ற ஃபிராங்கெல் எல்லாம் வந்தன. ஆனால் கலிலியோவுக்குப் போனவை பெரும்பாலும் முதல்தரத் தாய்கள். மதிப்பெண்ணில் எவ்வளவு வம்சப் பொருத்தம், எவ்வளவு தாயின் தரம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நம் ஊர்ச் சேர்க்கைகளுக்கோ முன்மாதிரிக் குட்டிகளே குறைவு. அப்போது கருவி ஒரு தலைமுறை மேலே ஏறிக் கணக்கிடும். அந்த எழுத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்க எனக்கு மனம் வராது.

பெடிகிரி க்வெரி இணையதளத்தில் ஒரு குதிரையின் ஐந்து தலைமுறை மூதாதையர் அட்டவணையை இலவசமாகவே பார்க்கலாம். என் ஓட்டு இதற்கே. உதாரணத்துக்கு இரண்டு ஸ்டாலியன்கள்: நார்தர்ன் டான்சரின் மகன் ரஸீன். டேன்ஹில் மகன் மல்டிடைமென்ஷனல். ரஸீனின் மகளை மல்டிடைமென்ஷனலோடு சேர்த்தால் குட்டிக்கு நார்தர்ன் டான்சர் தகப்பன் வழியில் நான்காம் தலைமுறை, தாய் வழியில் மூன்றாம் தலைமுறை. அந்த ஒருவரால் மட்டும் வரும் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவில் இணைவதன் அளவு) 1.56 சதவீதம், பயப்பட ஒன்றுமில்லை. 2017, 2018 இரண்டு ஆண்டும் பிரான்சின் ஆர்க் பந்தயத்தை வென்ற பெண் குதிரை எனேபிளுக்கு சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற ஸ்டாலியன் தகப்பன் வழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் வழியில் இரண்டாம் தலைமுறையிலும் வருகிறார், கணக்கு 6.25 சதவீதம்.

அட்டவணையிலும் ஒரு ஓட்டை உண்டு. சாட்லர்ஸ் வெல்ஸும் ஃபேரி கிங் என்ற ஸ்டாலியனும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். இருவரும் ஐந்தாம் தலைமுறையில் வந்தால், பெற்றோர் பெயர் தாளுக்கு வெளியே போய்விடும். இரண்டு பெயரும் அந்நியர் மாதிரி நிற்கும். கடைசி வரிசையில் உள்ள ஒவ்வொருவரின் பெற்றோரையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

வேகமா, நெடுந்தூரத் தாங்குதிறனா என்று வம்சாவளியை வைத்துக் கணிக்கும் டோசேஜ் எனக்கு வேண்டாம். நான்கு தலைமுறை மூதாதையரில், அதற்கென ஒரு தனிப் பட்டியலில் இடம்பெற்ற ஆண் குதிரைகளை மட்டும் எண்ணும் முறை அது. தாய்களுக்கு அதில் இடமே இல்லை.

மரபணுச் சோதனை வேறு ரகம். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு சி, டி என்று இரண்டு வடிவங்களில் இருக்கும்; தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். 2010இல் வெளியான ஆய்வின்படி சி-சி குதிரைகள் குறுந்தூரத்துக்கும், டி-டி நெடுந்தூரத்துக்கும், சி-டி நடுத்தூரத்துக்கும் பொருந்தும். தாய் சி-சி, ஸ்டாலியனும் சி-சி என்றால் குட்டி கண்டிப்பாக சி-சி. மும்பை மகாலட்சுமி மைதானத்தில் 2400 மீட்டர் இந்தியன் டெர்பியைக் கனவு காண்பவர் அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. திறமையை இது சொல்லாது, தூரத்தைத்தான் சொல்லும். அந்த அளவில் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

நானாக இருந்தால் முதலில் அட்டவணை, அப்புறம் மரபணு. இரண்டு ஸ்டாலியன்கள் சமமாக நின்றால் மட்டும் நிக். பணம் கட்டும் முன் தாயை நேராக நடக்கவிட்டு முன்னாலிருந்து பார்ப்பேன். முன்கால் குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், அதே குறை உள்ள ஸ்டாலியன் எந்த மதிப்பெண் வாங்கியிருந்தாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.