வியாழக்கிழமை சாயங்காலம், சர்ச் ஹாலில் சாப்பாடு

வியாழக்கிழமை என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மதிய ஷிஃப்ட். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனுக்குக் குடிவந்த புதிதில் அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் ரொட்டியும் முட்டையும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் இந்த சர்ச் ஹாலுக்கு வழி காட்டினார். ஒன்றரை வருஷமாகப் போகிறோம். நம்மாட்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதிவைக்கிறேன்.

நாலு மணிக்குக் கதவு திறக்கும். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கைவேலை, அப்புறம் கால் மணி நேரம் கதையும் பாட்டும், பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. 'மெஸ்ஸி சர்ச்' என்கிற வகை இது. 2004-இல் இங்கே போர்ட்ஸ்மவுத் பக்கத்து கௌப்ளெய்னில்தான் ஆரம்பித்தது. பெரும்பாலான இடங்களில் மாதம் ஒருமுறை நடக்கும். இங்கே பள்ளிக்கூடம் இருக்கிற வாரமெல்லாம் உண்டு. பிள்ளையை விட்டுவிட்டு ஷாப்பிங் போகலாம் என்று வராதீர்கள், பெரியவர்களும் கூடவே இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும், நான் ஐந்து பவுண்டு போடுவேன். யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஷெப்பர்ட்ஸ் பை (கொத்துக்கறி மேல் மசித்த உருளைக்கிழங்கு), பாஸ்தா, சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து சீஸும் பீன்ஸும், இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். உப்பும் உறைப்பும் பேருக்குத்தான். நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் பக்கத்து சர்ச்சுகளில் அசனம் என்கிற பொது விருந்து போட்டால் அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசம் தெருமுனைக்கே வந்து கூப்பிடும். அந்த நாக்குக்கு இது பத்தியச் சாப்பாடு. பையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் வைத்திருப்பேன். ஒருநாள் எதிரே இருந்த வெள்ளைக்காரத் தாத்தா அதைக் கேட்டு வாங்கி, ஜாம் போல ஷெப்பர்ட்ஸ் பை மேல் தடவிக்கொண்டார். அப்புறம் இரண்டு டம்ளர் ஸ்குவாஷ் தேவைப்பட்டது. அடுத்த வாரமும் பாட்டிலைக் கேட்டார்! ஆப்பிள் கிரம்பிளும் சூடான கஸ்டர்டும் வந்தால் மட்டும் இரண்டாம் முறை வாங்கத் தயங்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சைவத்துக்கு ஒரு தட்டு எப்போதும் உண்டு, ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருந்தது, அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கவுன்ட்டரில் ஒவ்வாமை அட்டை வைத்திருக்கிறார்கள்தான். சட்டப்படி அறிவிக்க வேண்டிய 14 பொருட்களில் ஜெலட்டின் இல்லை, அதனால் அட்டையிலும் இல்லை. அம்மாவைப் போலவே சைவமான என் மூத்தவள் இரண்டு தின்ற பிறகுதான் பாக்கெட்டைப் படித்தேன். சமையலறையில் சொன்னேன். அடுத்த வாரம் மார்ஷ்மெல்லோ டப்பாவின் மேலேயே பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கைவேலை பாதி நாள் காகிதத் தட்டு ஆட்டுக்குட்டிதான். ஜிகினாத்தூள் கார் சீட்டிலிருந்து இன்னும் போகவில்லை. ஆனால் டிசம்பரில் கிறிஸ்டிங்கிள் செய்கிற வாரத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு ஆரஞ்சுப் பழம். அதன் இடுப்பைச் சுற்றி சிவப்பு ரிப்பன். நாலு குச்சியில் உலர்திராட்சையும் மிட்டாயும் கோத்துக் குத்த வேண்டும். உச்சியில் அலுமினியத் தாளைச் சுற்றி ஒரு மெழுகுவர்த்தி. பழம் உலகம், ரிப்பன் இயேசுவின் ரத்தம், குச்சிகள் நாலு பருவங்கள், சுடர் அவருடைய ஒளி. 1747-இல் ஜெர்மனியில் மொரேவியச் சபை என்கிற புராட்டஸ்டன்ட் பிரிவினர் தொடங்கியது, இங்கிலாந்தில் 1968-இலிருந்து சில்ட்ரன்ஸ் சொசைட்டி என்கிற தொண்டு நிறுவனம் பரப்பியது என்று அங்கிருந்த அம்மா ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் என் சின்னவன் மூன்று பருவங்களைத் தின்றுவிட்டான்.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் கூட இருந்தாள். ஆரஞ்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு போடுற மாதிரில்லா இருக்கு. நாம பழத்தைப் பிழிஞ்சுட்டு ஏத்துவோம், இவங்க முழுசா ஏத்துதாங்க" என்றாள். மெழுகுவர்த்தி ஏற்ற ஹால் விளக்கை அணைத்ததும், தீப்பிடிக்காமல் இருக்கப் பேத்தியின் கூந்தலை முடிந்துவைக்கச் சொன்ன பெண்ணை ராத்திரிப் பூராவும் பாராட்டிக்கொண்டிருந்தாள்.

"மதம் மாத்துவாங்களா?" இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மதம் மாறச் சொல்லி அங்கே என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அது சர்ச், அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. பைபிள் கதை உண்டு, சாப்பிடும்முன் ஜெபம் உண்டு. ஊரில் சேவியர்ஸ் என்கிற கிறிஸ்தவப் பள்ளியில் படித்த எனக்கு இது புதிதில்லை. அந்தக் கால் மணி நேரமே ஆகாது என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

ஆறு மணிக்கு நாற்காலி அடுக்க ஆள் தேடுவார்கள். நழுவாதீர்கள். அடுக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு மிச்ச கிரம்பிளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்கு ஆகும்.