ஷாவுவோத் வாசிப்புக்கு உதவும் செஃபாரியா: ஒரு மதிப்புரை

யூதர்கள் எருசலேம் ஆலயத்துக்கு யாத்திரை செல்லக் கடமைப்பட்டிருந்த மூன்று பண்டிகைகளில், பஸ்காவுக்கும் கூடாரப் பண்டிகைக்கும் இடையில் வருவது ஷாவுவோத் என்னும் வாரங்களின் பண்டிகை. பஸ்காவின் இரண்டாம் நாளிலிருந்து 49 நாள்களை எண்ணி முடித்து, அதற்கடுத்த நாளான, யூத நாட்காட்டியின் சீவான் மாதம் 6ஆம் தேதியில் இதைக் கொண்டாடுகிறார்கள். இதற்குரிய வேதப் பகுதிகளை ஆழ்ந்து படிக்க விரும்புவோருக்கு, ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பைசரும் 2011இல் தொடங்கிய செஃபாரியா என்னும் இலவச இணைய நூலகத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

முதல் நாளில் சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் அருளப்பட்டதைச் சொல்லும் யாத்திராகமம் 19, 20ஆம் அதிகாரங்களும், தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து எசேக்கியேல் கண்ட ரதக் காட்சியும் வாசிக்கப்படுகின்றன. பண்டிகை ஒரே நாளான இஸ்ரேலில் அன்றைக்கும், இரண்டு நாள் கொண்டாடும் பிற நாடுகளில் பெரும்பாலும் இரண்டாம் நாளிலும் ரூத்தின் புத்தகம் வாசிக்கப்படுகிறது. மலை நடுங்கும் காட்சிக்கும், வயலில் கதிர் பொறுக்கும் ஏழை விதவையின் கதைக்கும் என்ன உறவு என்ற கேள்வி முதன்முறை வாசிப்பவருக்கு எழுவது இயல்பே. செஃபாரியாவின் அருமை இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வாரங்களின் பண்டிகைக்குரிய பலிகளை விவரித்துக்கொண்டே வரும் அந்தப் பகுதி, 22ஆம் வசனத்தில் திடீரென்று வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்கிறது. அந்த வசனத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் திறக்கும் பட்டியலில் 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியரான ரஷியின் உரையைத் தேர்ந்தெடுத்தால், பண்டிகைச் சட்டங்களின் நடுவே இது ஏன் வந்தது என்று அவர் எழுப்பும் கேள்வியும், ஏழையின் பங்கை முறையாகக் கொடுப்பவன் ஆலயத்தையே கட்டி அதில் பலி செலுத்தியவனுக்கு ஒப்பானவன் என்று அவர் எடுத்துக்காட்டும் பழைய விடையும் கண்முன் வந்துவிடுகின்றன. அதைப் படித்த கையோடு ரூத் 2ஆம் அதிகாரத்துக்குப் போனால், ரூத் கதிர் பொறுக்கிய போவாசின் வயலே வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. பல தடித்த நூல்களைப் புரட்டித் தேடவேண்டிய இந்தத் தொடர்பை ஒரே திரையில் பெறுவது, என் பார்வையில், இந்தச் சேவையின் மிகப் பெரிய கொடை.

முதற்கனிகளை ஆலயத்துக்குக் கொண்டுசென்ற யாத்திரையின் கோலத்தை அறிய, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பிக்கூரிம் (முதற்கனிகள்) பகுதியின் 3ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். முதலில் கனிந்த அத்திப்பழத்தைக் கோரைப்புல்லால் கட்டி அடையாளமிடுவதும், பொன் பூசிய கொம்புகளும் தலையில் ஒலிவக் கிரீடமுமாக எருது முன்னே செல்லக் குழலோசையோடு எருசலேமை நெருங்குவதும், அக்ரிப்பா அரசனே கூடையைத் தோளில் சுமப்பதும் அதில் உயிரோட்டமாக வருகின்றன. பணக்காரர்கள் வெள்ளி, பொன் கூடைகளிலும் ஏழைகள் வில்லோ மர நார்க்கூடைகளிலும் கொண்டுவந்தார்கள் என்ற வரியைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை.

குறை என்று சொல்வதானால், ஒரே வசனத்துக்குக் குவியும் உரைகளின் எண்ணிக்கை புதியவரைத் திணறடிக்கும். ரஷியோடு தொடங்கி, பழகிய பின் மற்றவர்களிடம் செல்வது நல்லது. பயனர்கள் தொகுத்துப் பகிரும் பாடத் தாள்களின் தரமும் ஒரே சீராக இருப்பதில்லை. தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் தமிழில் 26 வசனங்கள் கொண்டது. எபிரேய மரபில் 23 மட்டுமே என்பதால், கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளைக்குப் பிறகு எண்கள் பொருந்தாமல் போகின்றன.

ஷாவுவோத் இரவு முழுவதும் கண்விழித்து வேதம் படிப்பதும், எருசலேமில் இருப்பவர்கள் விடியலில், பழைய ஆலய வளாகத்தின் எஞ்சிய பகுதியான மேற்குச் சுவரை நோக்கி நடந்து சென்று தொழுவதும் வழக்கம். ஆனால், மரபைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் அன்று கைபேசியையோ கணினியையோ தொடமாட்டார்கள். ஆகவே இது பண்டிகைக்கு முந்தைய வாரங்களுக்கான துணை என்றே கொள்ள வேண்டும். வேண்டிய வசனங்களையும் உரைகளையும் சேர்த்துப் பாடத் தாளாக்கி அச்சிட்டுக்கொள்ளும் வசதி இதில் உண்டு. சூரியன் மறைந்ததும் பண்டிகை தொடங்கி, எழுதுவதும் விலக்கப்பட்டுவிடும் என்பதால், தாளின் ஓரத்தில் எழுதவேண்டிய குறிப்புகளையும் அதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.