செல்லூர் மில்லில் அரைத்த சத்துமாவு

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜெர்மனியில் இருக்கிறேன். மகளுக்கு இரண்டு வயது. ஆய்வேடு எழுதுவது அவள் தூங்கிய பிறகுதான். காலையில் அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடும் அவசரத்தில், சட்டென்று காய்ச்ச முடிகிற இந்த மாவுக் கஞ்சிதான் கைகொடுக்கிறது.

மதுரை செல்லூரில் அம்மா வீட்டுப் பக்கத்து மில்லில் அரைத்தது. கீழமாசி வீதியில் வாங்கிய கேழ்வரகை அம்மா முளைகட்டி உலர்த்தி, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துக் கொடுப்பார். மிளகாய் அரைத்த கையோடு மில்காரர் இதைப் போடவே மாட்டார். "பேத்திக்குத்தானேக்கா, கொஞ்சம் பொறுங்க" என்பார். அரைத்ததும் சூடு ஆறும்வரை துணியில் பரப்பி வைப்பார். சூட்டோடு கட்டினால் மாவு வேர்த்துக் கெட்டுவிடும். அந்தப் பொறுமைக்காகவே அவரிடம் போகலாம்.

குறை என்றால் கவர்தான். ரொம்ப மெல்லிசு, விமானப் பயணத்துக்குத் தாங்காது. கெட்டியான பை நீங்களே கொண்டுபோங்கள்.

அப்புறம், பால் பவுடர் கலக்காதீர்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பயணப் பெட்டியில் பால் பொருள்களைக் கொண்டுபோக அனுமதியில்லை. நெய்யும் அதில் சேர்த்தி. இங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கிறது, உருக்கிக்கொள்ளலாம். அடுத்த முறைக்குக் கம்பும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.