பழைய தமிழ் எல்பி (பெரிய இசைத்தட்டு) விக்கப் போறீங்களா? டிஸ்காக்ஸ் சேல்ஸ் ஹிஸ்டரி பத்தி என் ரிவ்யூ

ஃபேஸ்புக் குரூப்ல யாரோ "ரேர் இளையராஜா எல்பி, 15,000 ஃபிக்ஸட்"னு போட்டிருப்பாங்க, அத பாத்துட்டு நம்ம பரண்ல கெடக்குறதுக்கும் அதே ரேட்ட போட்டுடறோம். அது அவர் கேக்குற வெல, எவனும் குடுத்த வெல இல்ல. அந்த போஸ்ட் மாசக்கணக்கா அப்படியே தொங்கிட்டு இருக்கும் பாருங்க. நெஜமா என்ன வெலைக்குப் போச்சுன்னு தெரியணும்னா இப்போதைக்கு இருக்கறதுல உருப்படியான எடம் டிஸ்காக்ஸ்தான்.

2000-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சைட். ரெக்கார்டு கலெக்டர்களே டீடெயில் ஏத்தி ஏத்தி வளத்தது, கூடவே மார்க்கெட்டும் இருக்கு. ஒவ்வொரு ரெக்கார்டு பேஜ்லயும் கடைசியா எப்ப வித்துச்சு, கொறஞ்ச வெல (லோ), நடுவுல நிக்கற வெல (மீடியன்), அதிக வெல (ஹை) எவ்ளோன்னு காட்டும். பெரும்பாலானவங்க மீடியன மட்டும் பாத்துட்டு வந்துடுவாங்க, அதுதான் தப்பு. லாகின் பண்ணி சேல்ஸ் ஹிஸ்டரிய திறங்க, ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, தட்டோட கண்டிஷன், கவரோட கண்டிஷன், வெல எல்லாம் வரிசையா வரும். காசு எதுவும் கெடையாது. சில பிரைஸ் சைட்டுங்க இதுக்குத்தான் சந்தா கேக்குது.

ஆனா உங்க கையில இருக்கற அதே பிரஸ்ஸிங்க (அதே பதிப்ப) கண்டுபிடிக்கணும், அங்கதான் நேரம் போகும். ஒரே படப் பாட்டு இபியாவும் (சின்ன தட்டு) வந்திருக்கும், எல்பியாவும் வந்திருக்கும், வேற வருஷத்துல ரீஇஷ்யூவும் ஆகியிருக்கும். கம்பெனி ஹெச்எம்வியா இன்ரெகோவா எக்கோவான்னு பாருங்க, கேட்டலாக் நம்பர் (கம்பெனி அந்த ரெக்கார்டுக்கு குடுத்த நம்பர்) பாருங்க (ஹெச்எம்வில இசிஎல்பின்னு ஆரம்பிச்சா மோனோ, இசிஎஸ்டின்னா ஸ்டீரியோ), அப்புறம் நடுவுல ஒட்டியிருக்கற லேபிள சுத்தி பாட்டு இல்லாம வழவழன்னு ஒரு பட்டை இருக்கும்ல, அதுல மேட்ரிக்ஸ் நம்பர் (தட்டு அடிச்ச அச்சோட நம்பர்) பொறிச்சிருப்பாங்க. ஃபோன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சாதான் கண்ணுக்குத் தெரியும். அந்த நம்பரும் ஒத்துப்போனா ஓரளவுக்கு நம்பலாம்.

அடுத்தது கண்டிஷன். வெளிநாட்டுக்காரன் நியர் மின்ட்னு (கிட்டத்தட்ட புதுசு) வித்த வெலைய நம்ம ஊரு தட்டுக்குப் போட முடியாது சாமி. நம்மகிட்ட வர்றதுல நெறைய சவுண்ட் சர்வீஸ்காரங்ககிட்ட இருந்து வந்தது, கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைன்னு ஓடித் தேஞ்சு, லேபிள் மேலயே கடை பேரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கவர்ல வரிசை நம்பர் பெயின்ட்ல எழுதி, ஓரம் கிழிஞ்ச எடத்துல செலோ டேப் ஒட்டி மஞ்சளா போயிருக்கும். அதெல்லாம் கிரேடுல விஜி (வெரி குட்), அதுக்கும் கீழ ஜி பிளஸ் (குட் பிளஸ்), பேருதான் குட், நெஜத்துல தேஞ்ச தட்டு. ஹிஸ்டரில அந்த கிரேடுல போன வரிய மட்டும் எடுத்துப் பாருங்க, மீடியன விட நல்லாவே கொறைஞ்சுதான் இருக்கும். மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா வாங்குறவன் அந்த வெலைக்குத்தான் வருவான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது, எத்தன பேருகிட்ட இருக்கு, எத்தன பேரு தேடுறாங்கன்னு ரெண்டு எண்ணு காட்டுறது. தேடுறவங்க அதிகமா, வெச்சிருக்கறவங்க கம்மியா இருந்தா அவசரப்பட்டு குடுக்காதீங்க. கேசட் வந்தப்புறம் எல்பி கம்மியாத்தான் அடிச்சாங்க, அதனால எண்பதுகளோட கடைசில வந்த ராஜா ரெக்கார்டுங்களுக்கு நல்ல டிமாண்ட். வெளிநாட்டு டிஜேக்களும் தேடுறாங்க, அமெரிக்க ஹிப்ஹாப் குரூப் பிளாக் ஐட் பீஸே 2003-ல ராஜா பாட்ட சாம்பிள் பண்ணவங்கதானே (துண்டா எடுத்து அவங்க பாட்டுல சேத்தாங்க). எம்.எஸ். அம்மா சுப்ரபாதம் எல்பி பழசா இருக்கேன்னு பொக்கிஷம் மாதிரி வெல வைக்கறவங்களும் உண்டு. வீட்டுக்கு வீடு இருந்த ரெக்கார்டுங்க அது, சும்மா பழசானா மட்டும் வெல ஏறாது.

கொறைன்னு பாத்தா, தமிழ் ரெக்கார்டுகளுக்கு டேட்டா கம்மி. சில பேஜ்ல மொத்தமே ரெண்டு மூணு சேல்தான் இருக்கும், அதுலயும் ஒண்ணு பல வருஷம் முன்னாடி. ரெண்டு சேல வெச்சு மீடியன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க. படப் பேர இங்கிலீஷ்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி ஏத்தியிருப்பாங்க, அதனால பேர விட்டுட்டு கேட்டலாக் நம்பர்ல தேடுறது பெட்டர். சைட்டுக்கு வெளிய கை மாறினது எதுவும் கணக்குல வராது. தபால் செலவும் அந்த வெலையில சேராது, லண்டன்ல உக்காந்து அங்கயே வாங்குறவனுக்கும் இங்கேர்ந்து பார்சல் வரணும்னு காத்திருக்கறவனுக்கும் கணக்கு வேற.

அதனால ஈபே பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க. சோல்டு ஐட்டம்ஸ்னு ஃபில்டர் இருக்கு, கடைசி 90 நாள் வித்தது வரும். வெல மேல கோடு அடிச்சு பெஸ்ட் ஆஃபர்னு போட்டிருந்தா அது போட்ட வெல, பேசி முடிச்சது அதுக்கும் கீழ. இன்னும் பழைய ஏலம் வேணும்னா பாப்சைக்னு ஒரு சைட், ரெக்கார்டு ஏலங்கள மட்டும் சேத்து வெச்சிருக்காங்க, ஃப்ரீயா கொஞ்சம்தான் தேட முடியும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். உள்ளூர்லயே விக்கறதா இருந்தா உங்க கிரேடுக்கு வந்த வெலையிலேர்ந்து இன்னும் கொஞ்சம் கொறைச்சு கேளுங்க, நம்ம ஊர்ல வாங்குறவங்க வட்டம் சின்னது. ஆப்ல பார்கோடு ஸ்கேன் வசதி இருக்குன்னு பெருசா சொல்வாங்க, நம்ம பழைய ரெக்கார்டு கவர்ல பார்கோடே கெடையாது, அதனால அது நமக்கு ஆவறதில்ல.