காசு கேட்காத பயிற்சிகள்: எதில் எத்தனை நாள் கூலி போகும்?

'முற்றிலும் இலவசம்' என்று நோட்டீசில் பார்த்ததும் சேர்ந்துவிடலாம் போலத்தான் இருக்கும். முப்பது வயதில், கையில் குழந்தையும் வீட்டு வாடகையும் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பயிற்சிக்காக எத்தனை நாள் கூலியை விட வேண்டும் என்பதைத்தான். தையலா வெல்டிங்கா என்பதெல்லாம் அப்புறம்.

அரசு ஐ.டி.ஐ.யை, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. சைக்கிள், சீருடை, பஸ் பாஸ், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை எல்லாம் உண்டு. வெல்டருக்கு ஓராண்டு, எலக்ட்ரீஷியன், ஃபிட்டருக்கு இரண்டாண்டு. நாளுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் இரண்டாண்டில் போவது 3 லட்சம், வருவது 18,000. குடும்பத்தை இழுப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆனாலும் ரயில்வேயோ மின்வாரியமோ டெக்னிக்கல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்பது ஐ.டி.ஐ. சான்றிதழைத்தான். குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் அங்கே செல்லாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அம்மாவும் மகளும் ஒரே பேட்ச்சில் உட்காரலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிற பெண் என்றால், ஓராண்டு கம்ப்யூட்டர் டிரேடுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

இதற்கு நேரெதிர், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். ஆர்செட்டி என்றால் வங்கியில் சட்டென்று புரியும். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய மாதிரிதான் இன்று மாவட்டத்துக்கு ஒன்றாகப் பரவியிருக்கிறது. நடத்துவது வங்கி. ஆடு வளர்ப்பு, மாடு வளர்ப்பு, செல்போன் பழுதுபார்ப்பு, அழகுக்கலை என்று பெரும்பாலும் பத்து நாள் முதல் ஒன்றரை மாதம் வரையான பயிற்சிகள். சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள். ஒரு மாதப் பயிற்சிக்கு மேலே சொன்ன கணக்கில் 12,500 ரூபாய் போகும். நூறு நாள் வேலை அட்டை இருந்தால் சேர்வதும் சுலபம்.

முப்பது நாளில் யாரும் கைதேர்ந்த மெக்கானிக் ஆகிவிட மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே கிடைக்கிற பெரிய விஷயம் அதன் பிறகான இரண்டாண்டுத் தொடர்கவனிப்பும் கடனுக்கான பாதையும். பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. அதற்கு வேண்டிய தொழில்முனைவோர் பயிற்சியை ஆர்செட்டியிலேயே முடிக்கலாம். பழைய கடன் பாக்கி இருந்தால் மட்டும் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. வங்கிக்காரர் முதலில் பார்ப்பது சிபில் ஸ்கோரை, அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்பதற்கான மதிப்பெண்ணை. சேருவதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம், சொந்தத் தொழில் வேண்டாம், மாதச் சம்பளம் போதும் என்பவர்களுக்கு. 2014இல் வந்தது. 15 முதல் 35 வயது வரை; பெண்களுக்கு 45 வரை. குறைந்தது மூன்று மாதம், பெரும்பாலும் தங்கிப் படிப்பது. பயின்றவர்களில் 70 விழுக்காட்டினரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்பது பயிற்சி மையத்துக்கு நிபந்தனை. அதனால் அவர்களே போன் மேல் போன் போட்டு வேலைக்கு அனுப்புவார்கள். சிக்கல் என்னவென்றால், வேலை எந்த ஊரில் அமையும் என்பது நம் கையில் இல்லை. விடுதி வாடகை, சாப்பாடு போக மிச்சம் எவ்வளவு என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இருபத்திரண்டு வயதில், தனி ஆளாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுப் போக வேண்டியவருக்குச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே பத்து வருடமாக பிளம்பிங்கோ கொத்து வேலையோ செய்கிறவர் இதில் எதிலும் சேர வேண்டியதில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. சில நாள் கூலியோடு முடிந்துவிடும்.